தொட்டித் தண்ணீரைத் துடைக்காத நாள்

போன மாதம் நித்யா போன் செய்தாள். எங்கள் லேபில் என்னோடு இரண்டு வருடம் வேலை பார்த்த பெண். இப்போது திருச்சியில் ஒரு பெரிய லேபில் இருக்கிறாள். நலம் விசாரித்து முடித்துவிட்டுப் புலம்ப ஆரம்பித்தாள்.

"அண்ணே, இங்க புதுசா ஒரு தாளு ஒட்டியிருக்காங்க. ஒவ்வொரு பிளாக்கு வெட்டுறதுக்கு முன்னாடியும் தொட்டித் தண்ணிய துடைச்சமான்னு டிக் அடிக்கணுமாம். யாருண்ணே இதெல்லாம் உக்காந்து கண்டுபுடிக்கிறது?"

எனக்கு வியர்த்துவிட்டது. மின்விசிறிக்கு நேர் கீழே, கையில் காபியோடு, வேலையை விட்டு மூன்று வருடம் ஆன ஐம்பத்தெட்டு வயது ஆளுக்கு, ‘தண்ணிய துடைச்சியா’ என்று காதில் விழுந்ததும் உள்ளங்கை நனைந்துவிட்டது.

"லைன்ல இருக்கீங்களாண்ணே?"

"இருக்கேன்மா. டிக் அடி. முடிஞ்சா ரெண்டு தடவ அடி."

"ஏண்ணே?"

"எழுதி அனுப்புறேன்" என்றேன். வாயால் சொன்னால் நடுவில் ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு மாடியில் இருந்தது எங்கள் லேப். சதைப் பரிசோதனை மட்டும்தான். அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்து டாக்டர்கள் எடுக்கிற துணுக்குகள் எங்களுக்குப் பஸ்ஸில் வரும். துணுக்கு கெடாமல் இருக்கப் பார்மலின் ஊற்றிய பாட்டில், அதன்மேல் பெயர் எழுதிய பிளாஸ்திரி, கூடவே ஒரு ஃபாரம். மூன்றையும் கேரி பையில் போட்டு முடிச்சிட்டு கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். பஸ் உள்ளே நுழையும்போதே கண்டக்டர் கத்துவார்: "யோவ் மாரிமுத்து, ஒன் ஊறுகா வந்துருக்கு, வாங்கிக்க!" பக்கத்தில் நிற்பவர்கள் என்ன ஊறுகாய் என்று எட்டிப் பார்ப்பார்கள். நான் யாரிடமும் விளக்கியதில்லை. மதியச் சாப்பாட்டு நேரம், பாவம்.

திருச்சியில் ஒரு வருடம் படித்தேன். எதைத் தொட்டால் கை எரியும், எதை மோந்தால் தலை சுற்றும் என்பது அங்கே தெரிந்தது. மற்றதெல்லாம் கோமதி மேடத்திடம்தான். லேபின் டாக்டர் அவர். பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தால் டீ ஆறிப்போகும்வரை எடுக்கமாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கையில் ஒரு பென்சில் வைத்திருப்பார். மேஜையில் இரண்டு தட்டு தட்டினால் ‘இங்கே வா’. மூன்று தட்டினால் ‘இன்னும் ஆழமாக வெட்டிக் கொண்டுவா’. இருபத்தாறு வருடம் அந்தச் சத்தத்துக்கு எழுந்து எழுந்து, இப்போது வீட்டில் என் மனைவி கரண்டியைச் சட்டியில் இரண்டு முறை தட்டினாலும் எழுந்து நிற்கிறேன். "ஒக்காருங்க, நான் கூப்புடல" என்கிறாள்.

வேலை இதுதான். துணுக்கை மெழுகில் புதைத்துக் கட்டியாக்க வேண்டும். அதைத்தான் பிளாக் என்போம். வெட்டும் மிஷினில் மாட்டிச் சுழற்றினால் மெழுகு நாடாவாக இறங்கும். தும்மினால் பறந்துவிடும், அவ்வளவு மெலிசு. அந்த நாடாவைத் தூரிகையால் ஏந்தி, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டால் சுருக்கம் விரியும். கண்ணாடி ஸ்லைடை அடியில் விட்டு அப்படியே தூக்க வேண்டும். பிறகு ஊதா, ரோஸ் என்று இரண்டு சாயம். அடுத்தவருடைய பிளாக்கை வெட்டுமுன் தொட்டித் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தைப் படுக்கவைத்து இழுக்க வேண்டும். முன்னவருடைய மிச்சம் மீதி ஏதாவது மிதந்தால் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒரு இழுப்பு. ஒரு மூச்சு விடும் நேரம். அவ்வளவுதான் நித்யா, உன் டிக்.

மேடத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கு மறுபடி ரத்தம் பட்டது என்று பாட்டில் வந்தால், ஃபாரத்தில் மூன்று விஷயம் இல்லாமல் ஸ்லைடைத் தொடமாட்டார்: வயது என்ன, எப்போது நின்றது, எத்தனை நாளாகப் படுகிறது.

"உள்பூச்சு காஞ்சு மெலிஞ்சாலும் ரத்தம் வரும், அதுதான் அதிகம். உள்ள ஒரு சதை தொங்குனாலும் வரும். பூச்சு தடிச்சுப் போனாலும் வரும். சில மாத்திர தின்னாலும் வரும். புத்துநோயாலயும் வரும். துணியில பாத்தா எல்லாம் ஒரே கறைதான் மாரிமுத்து. அந்த அம்மா யாருன்னே தெரியாம நான் எதப் பாத்துச் சொல்ல?"

நியாயம்தான். ஆனால் பாதி ஃபாரங்கள் காலியாக வரும். அந்த அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியது நான். பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு முன்பின் தெரியாத பெண்களிடம் ‘உங்களுக்கு எப்ப நின்னுச்சு’ என்று கேட்கிற ஆண்பிள்ளை இந்த வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதனால் எடுத்த எடுப்பில் என் நன்னடத்தைச் சான்றிதழை வாசித்துவிடுவேன்: "வணக்கங்க, லேபுலேர்ந்து பேசுறேன், பேரு மாரிமுத்து, கல்யாணம் ஆனவன், ரெண்டு புள்ளைங்க." பலர் உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயத்தை ஊறவைத்துத் தின்றுகொண்டே மாதக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள். அதை வீட்டில் யாரிடமும் சொல்லாதவர்கள், முகம் தெரியாத என்னிடம் மெல்லச் சொல்வார்கள். அந்தக் குரல்களுக்காக இப்போதும் ஏங்குகிறேன். அந்த நேரத்தில் நடுங்கினேன் என்பது வேறு.

பதினாலு வருடத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை. ஜெயங்கொண்டம் டாக்டரம்மா அனுப்பிய இரண்டு பிளாக்குகள் வரிசையில் அடுத்தடுத்து நின்றன. இரண்டுமே கர்ப்பப்பையைச் சுரண்டி எடுத்தவை. முதலாவது மீன்சுருட்டி பவுனம்மா, வயது அறுபது. ஃபாரம் சுத்தமாக நிரப்பியிருந்தது. அடுத்தது தா.பழூர் பக்கத்து அஞ்சலை. பெயரும் ஒரு போன் நம்பரும் தவிர ஒன்றுமில்லை.

பவுனம்மாவுடையதை வெட்டி முடித்தேன். அஞ்சலையின் ஃபாரத்தைப் பார்த்தேன். சரி, கேட்டுவிட்டே வெட்டுவோம் என்று போன் போட்டேன். எடுத்தது ஆண் குரல். சான்றிதழை வாசித்தேன்.

"கல்யாணம் ஆனவன்னா எங்கிட்ட எதுக்குடா சொல்ற?"

"இல்லீங்க, அம்மாகிட்ட ஒரு விவரம் கேக்கணும். அவங்களுக்கு மாசம் நின்னு எத்தன வருசம்…"

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதையும் இங்கே எழுத முடியாது. கடைசி வாக்கியம் மட்டும் எழுதலாம்: "எங்க வூட்டுப் பொம்பளகிட்ட கேக்குற கேள்வியாடா இது? எங்கருக்கன்னு சொல்லு, அரிவாளோட வரேன்!" போனை வைத்துவிட்டார்.

நான் தைரியசாலி என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு நானே ஒப்புக்கொண்டேன். தா.பழூரிலிருந்து பெரம்பலூருக்கு வர எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கணக்குப் போட்டேன். மாடிப்படிக் கதவைத் தாழ்போட்டேன். வந்து உட்கார்ந்து, அஞ்சலையின் பிளாக்கை மாட்டி, நேராக வெட்டினேன். நாடா தண்ணீரில் விரிந்தது. ஸ்லைடில் தூக்கினேன்.

காகிதத்தை இழுக்கவில்லை.

பவுனம்மாவின் ஸ்லைடை மேடம் அன்று மதியமே பார்த்துவிட்டார். ‘மெலிந்த உள்பூச்சு, பயப்படும்படி ஒன்றுமில்லை’ என்று சொல்ல, நான் டைப் அடித்தேன். ரிப்போர்ட் சாயங்காலப் பஸ்ஸில் போய்விட்டது. அஞ்சலையின் ஸ்லைடு, விவரம் இல்லாததால் தட்டிலேயே காத்திருந்தது. அந்த நம்பர் அந்த வாரம் முழுக்க அணைந்து கிடந்தது. திங்கட்கிழமை அதே நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. மேஜைக்கு அடியில் குனிந்தபடிதான் எடுத்தேன்.

"சார், அன்னைக்கி நாந்தான் பேசுனேன்" என்றார் அதே ஆள். குரல் உடைந்திருந்தது. "அவகிட்ட சொன்னேன், இப்புடி ஒருத்தன் கேட்டான், வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன்னு. அழுதுட்டா சார். அம்பத்தெட்டு வயசு. நின்னு ஏழு வருசம். எட்டு மாசமா பட்டுக்கிட்டுருக்காம். எட்டு மாசம் சார். ஒரே வூட்டுல இருக்கேன், எனக்குத் தெரியல. அவளுக்கு ஒண்ணும் இருக்காதுல்ல?"

"பாத்துட்டுச் சொல்றோம்ங்க" என்றேன்.

விவரத்தை எழுதி ஸ்லைடோடு மேடத்திடம் கொடுத்தேன். டீ ஆறியது. ஏடு கட்டியது. பென்சில் இரண்டு முறை தட்டியது.

"ஒரு ஓரத்துல புத்து இருக்கு. ஆனா மத்ததெல்லாம் காஞ்ச பூச்சு. இது ரெண்டும் ஒரே அம்மாவோடதுன்னு மனசு ஒப்ப மாட்டேங்குது." கண்ணை எடுக்காமலே கேட்டார். "அன்னைக்குத் தண்ணிய துடைச்சியா?"

"துடைச்சேன் மேடம்."

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா! யோசிக்கக்கூட இல்லை. பயந்தவனுக்குப் பொய் தும்மல் மாதிரி.

மேடம் தலையசைத்தார். "சரி, டைப் அடி." பெயர், அஞ்சலை. வயது, ஐம்பத்தெட்டு. அடித்தேன். பார்த்த விவரம் இரண்டு வரி. அடித்தேன். "முடிவு" என்று மேடம் அந்த வார்த்தையைச் சொன்னார். என் விரல் விசையின் மேல் அப்படியே நின்றது. எட்டு மாசம் சார், எட்டு மாசம் சார் என்று அந்த ஆள் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். இதை அடித்தால் அந்த அம்மாவுக்கு ஆபரேஷன். அடிக்காவிட்டால் எனக்கு. வாய் மட்டும் எப்படியோ திறந்தது.

"மேடம், துடைக்கல."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கண்ணாடி அவ்வளவு அழுக்காக இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"அடிச்சத அழி" என்றார். பிறகு மூன்று தட்டு.

அஞ்சலையின் பிளாக்கை ஆழம் ஆழமாக வெட்டினேன். ஒவ்வொரு தடவையும் தண்ணீரைத் துடைத்தேன். தொட்டியின் வெளிப்பக்கத்தையும் துடைத்தேன். பயத்தில் மிஷினையும் துடைத்தேன். எந்த ஆழத்திலும் புற்று இல்லை. காய்ந்து மெலிந்த பூச்சு, அவ்வளவுதான். ஜெயங்கொண்டத்தில் எடுத்த ஸ்கேனிலும் மெல்லிசாகத்தான் தெரிந்ததாம். எனக்குப் போன உயிர் வந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"சிரிக்காத" என்றார் மேடம். "அப்ப அந்தத் துணுக்கு யாரோடது?"

என் பல் உள்ளே போனது. அன்று காலை அஞ்சலைக்கு முன்பு வெட்டியவை மொத்தம் மூன்று. மூவருக்கும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் ரிப்போர்ட் போயிருந்தது. ஒரு புற்று, உடம்பில்லாமல் எங்கள் மேஜையில் கிடந்தது. அதற்குச் சொந்தக்காரப் பெண் எங்கேயோ நிம்மதியாகச் சோறு தின்றுகொண்டிருந்தாள்.

மூன்று பிளாக்குகளையும் மறுபடி வெட்டினேன். பவுனம்மாவுடையதில், மூன்றாவது ஆழத்தில், ஒரு ஓரத்தில் அது இருந்தது. மேடம் தன் நாற்காலியிலிருந்து எழுந்து என்னை உட்காரச் சொன்னார். அந்தத் தலையணைகளின் மேல் நான் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான். இரண்டு ஸ்லைடையும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினார். அதே அடர்ந்த ஊதா, அதே நெரிசல். முதல் நாடா தண்ணீரில் விரிந்தபோது நோயுள்ள பொடி மட்டும் கழன்று மிதந்திருக்கிறது. நான் தூக்கியது மிச்சத்தை.

"நல்லவேளை மேடம்" என்றேன். என் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. "காகிதத்த இழுத்திருந்தா அதுலயே ஒட்டி குப்பைக்குப் போயிருக்கும்."

"அத வெளில சொல்லாத. ஃபாரம் நெறஞ்சு வந்திருந்தா, நான் அவசரத்துல அன்னைக்கே அஞ்சலைக்குப் புத்துன்னு எழுதியிருப்பேன். நீ துடைக்காதது ஒன் தப்பு. நான் ஒரு ஆழம் மட்டும் பாத்துட்டு பவுனம்மாவுக்கு ஒண்ணுமில்லன்னது என் தப்பு. ரெண்டு தப்பு சேந்து ஒருத்தி பொழச்சா, தப்பு ரெண்டும் அப்புடியேதான் இருக்கும்."

மேடமே ஜெயங்கொண்டம் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, "தவறு எங்க லேபோடது" என்று எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் சொன்னார். ஆனால் பவுனம்மா கொடுத்திருந்தது திருப்பூரில் இருக்கும் மகனின் நம்பர். கிடைக்கவில்லை. மறுநாள் காலை பென்சில் இரண்டு முறை தட்டியது.

"நீ நேர்ல போயிச் சொல்லிட்டு வா. பயப்படாமச் சொல்லு. நீ பயந்தா அந்த அம்மா ரெண்டு பேருக்கும் சேத்துப் பயப்படணும்."

பஸ்ஸில் அரியலூர் தாண்டும்வரை பன்னிரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்தேன். ஜெயங்கொண்டத்தில் இறங்கி மாறும்போது ஆறு மிச்சம் இருந்தது. மீன்சுருட்டியில் இறங்கியபோது என் பெயர் மட்டும் நினைவிருந்தது.

விசாரித்துக்கொண்டு போனால், முந்திரி உடைக்கும் கொட்டகையைக் காட்டினார்கள். ஏழெட்டுப் பெண்கள், கொட்டையின் எண்ணெய் சுடாமலிருக்கக் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, வறுத்த கொட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க பவுனம்மாங்கிறது…"

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெண் நிமிர்ந்தாள். "நாந்தான். நீங்க?"

"பெரம்பலூர் லேபுலேர்ந்து வரேங்க்கா. நீங்க டெஸ்ட்டு குடுத்தீங்கள்ல…"

"அட, அந்த நல்ல சேதி சொன்ன எடமா! வாங்க தம்பி, ஒக்காருங்க." என் கை நிறைய முந்திரிப் பருப்பை அள்ளி வைத்தாள். "தின்னுங்க மொதல்ல. மறுபடி பட்டதும் பயந்துட்டேன் தம்பி. ஒண்ணும் இருக்கக்கூடாதுன்னு கொலசாமிக்கு வேண்டிக்கிட்டேன். பேப்பரப் பாத்துட்டு டாக்டரம்மா ஒண்ணுமில்லன்னுச்சு. ஞாயித்துக்கெழமையே போயி முடிய எறக்கிட்டேன்."

என் வாயில் முந்திரி. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சாவுச் செய்தி மாதிரி ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தவன் வாய் நிறைய முந்திரியோடு நின்றது உலகத்தில் நான் ஒருவன்தான்.

"அக்கா, அந்தப் பேப்பரு தப்புக்கா."

கொட்டை உடைக்கும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"மறுபடி வெட்டிப் பாத்தோம். ஒரு ஓரத்துல புத்து இருக்கு. கொஞ்சந்தான். ஆனா இருக்கு. தப்பு எங்களோடதுக்கா."

பவுனம்மா கையிலிருந்த சாம்பலைத் தேய்த்துத் தேய்த்து உதிர்த்தாள். "அப்ப எம் முடி?"

நான் அவள் மொட்டைத் தலையைப் பார்த்தேன்.

"எறக்கிட்டேன்ல? இப்ப வந்து இருக்குங்கிற. இனி எதக் குடுக்குறேன்னு சாமிகிட்ட வேண்டுவேன்?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்திரி புரையேறியது என்று சொல்லிக்கொள்ளலாம்.

"ஏந்தம்பி, நோவு எனக்கா, ஒனக்கா?" என்றாள் பவுனம்மா. "கண்ணத் தொடச்சிக்க. பொழைப்பேனா, அதச் சொல்லு."

"ஆரம்பத்துலயே பாத்தாச்சுன்னு மேடம் சொன்னாங்க. கர்ப்பப்பைய எடுத்துட்டா பெரும்பாலும் சரியாயிருமாம். ஆனா ஒடனே போவணும்."

"இந்த மூட்டைய முடிச்சுட்டு…"

"முடிக்க வேணாம்க்கா. எந்திரிங்க."

அவள் எழவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது என்ன கையி, நாவப்பழம் தின்னவன் மாதிரி?"

"சாயம்க்கா. ஒங்க சதைக்குச் சாயம் போட்டது நாந்தான்."

முந்திரி எண்ணெய் பட்டுக் கறுத்து வெடித்த தன் கையை என் கைக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தாள். "இதுவும் போவாது, அதுவும் போவாது" என்றாள். பிறகுதான் எழுந்தாள்.

தஞ்சாவூரில் ஆபரேஷன் நடந்தது. நோய் கர்ப்பப்பையைத் தாண்டவில்லை. அஞ்சலைக்குத் தடவ ஒரு களிம்பு கொடுத்தார்கள், ரத்தம் நின்றது. அவள் புருஷன் ஒரு நாள் மாடியேறி வந்தார், அரிவாள் இல்லாமல், ஒரு தார் வாழைப்பழத்தோடு. அதற்குப் பிறகு எங்கள் லேபில் சுரண்டல் துணுக்கு எதுவானாலும் மூன்று ஆழம் வெட்டாமல் மேடம் கையெழுத்துப் போட்டதில்லை. மாதம் ஒரு முறையாவது திடீரென்று கேட்பார்: "மீன்சுருட்டி அம்மா செக்கப்புக்குப் போனாங்களா?" நான் போன் போட்டுக் கேட்டுச் சொல்வேன். அப்படியே வருடங்கள் ஓடின.

மூன்று வருடத்துக்கு முன்பு மேடம் கண் பார்வை மங்கி, மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார். லேபை மூடினோம். எனக்கும் பார்மலின் நெஞ்சில் ஏறி, இருமல் நிரந்தரமாகிவிட்டது. இப்போது பாட்டில்கள் வேனில் நேராகத் திருச்சிக்குப் போகின்றன. நல்லதுதான்; சாப்பிடுகிறவர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். காலக்கெடு முடிந்த ஸ்லைடுகளை ஒதுக்கும்போது மேடம் ஒன்றை மட்டும் எடுத்து என்னிடம் நீட்டினார். அஞ்சலையின் ஸ்லைடு, ஓரத்தில் பவுனம்மாவின் பொட்டோடு. "ஒன் தப்ப நீயே வச்சுக்க. எங்கிட்ட எடமில்ல." பீரோவில் வைத்திருக்கிறேன். எப்போதாவது ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். வெறும் கண்ணுக்கு இரண்டு ஊதாக் கறை. பார்த்ததும், லேபின் அந்த வாடை வேண்டும் போலிருக்கும். அதை மோந்துதான் இருமுகிறேன் என்று தெரிந்தும்.

நித்யா பேசின மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். காய்கறி வாங்க என்று வீட்டில் சொல்லியிருந்தேன். எங்கள் லேப் இருந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் டக், டக் என்று இரண்டு தட்டு.

"வந்துட்டேன் மேடம்!" என்று சத்தமாகச் சொல்லி, மாடிப்படியில் காலையும் வைத்துவிட்டேன். உறை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"எந்த மேடம்? நாந்தான் தம்பி!"

ஒரு பஸ் ஜன்னலில் பவுனம்மா. தகரத்தைத் தட்டியது அந்தக் கறுத்த விரல்தான். பாடாலூரில் மகள் வீட்டுக்குப் போகிறாளாம். எழுபத்துநாலு வயது. வெள்ளை வெளேரென்று முடி, கொத்தாக முடிந்திருந்தது.

"நாலு தடவ எறக்கிட்டேன்" என்றாள், கொண்டையை அவிழ்த்து ஜன்னலுக்கு வெளியே காட்டி. "எறக்க எறக்க வருது பாரு. ஒங்க மேடத்துக்கிட்ட சொல்லு."

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது.

அங்கேயே நின்று கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். முடியைச் சொன்னேன், நாலு தடவையைச் சொன்னேன். "அப்புடியா. நல்லது" என்றார் மேடம். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை. ஆனாலும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன், அந்தப் பக்கம் பென்சில் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று.